பேத்தி கேட்டது கதை, என் காதில் விழுந்தது கடை

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு ராத்திரி. கோத்தகிரியில் எங்களுக்குப் பெரிய மழை அந்த மாதத்தில்தான். தகரக் கூரையில் இரைச்சல். நாலு வயசுப் பேத்தி என் கம்பளிக்குள் நுழைந்து படுத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். "இந்த மழையில எந்தக் கடை கண்ணு திறந்திருக்கும்? காலையில வாங்கித் தர்றேன்" என்றேன். மறுபடியும் கேட்டாள். நானும் அதையே சொன்னேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் கேட்டது கடை இல்லை, கதை. மறுநாள் என் மனைவி சொல்லித்தான் தெரியும். "தாத்தாகிட்ட வேணாம், நீயே சொல்லு பாட்டி" என்று குழந்தை சொன்னதையும் சேர்த்தே சொன்னாள். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

காது மந்தமாகிவிட்டது என்று அதுவரை ஒருநாளும் நினைத்ததில்லை. ஏனென்றால் கேட்டது. லாரி கேட்டது, நாய் குரைப்பது கேட்டது, பக்கத்து வீட்டு மிக்சி கேட்டது. பேச்சுச் சத்தம்கூடக் கேட்டது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை. அதனால் குறையை எல்லாம் அடுத்தவர் தலையில் போட்டேன். மகன் வாய்க்குள்ளேயே பேசுகிறான். மனைவி அடுப்படியில் நின்றுகொண்டு பேசுகிறாள். டிவியில் இப்போதெல்லாம் யாருக்கும் ஒழுங்காக வசனம் பேசத் தெரியவில்லை. இதெல்லாம் போதாதென்று, மேட்டுப்பாளையம் இறங்கி ஏறினால் எல்லோருக்கும் வருகிற காது அடைப்பையும் ஒரு காரணமாக வைத்துக்கொண்டேன். அந்த அடைப்பு எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் விட்டுவிடும். எனக்கு ஆறு வருடமாக விடவில்லை.

இன்னொன்றும் நடந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு சாயங்காலம் பனிமூட்டத்தில் தேயிலைக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். என் மனைவி இருபதடி பின்னால் வந்தாள். திடீரென்று ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். முன்னால் செடிக்கு மேலே ஒரு காட்டெருமையின் முதுகு தெரிந்தது. அது மூச்சுச் சீறியதும் எனக்குக் கேட்கவில்லை, இவள் நாலு தடவை கத்தியதும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. அப்போதும் நான் "காத்து எதிர்ல அடிச்சுது" என்றுதான் சொன்னேன்.

பேத்தி விஷயத்துக்குப் பிறகு ஒரு காது மிஷின் வாங்கினேன். காதைச் சோதிக்காமலே விற்கிற கடை ஒன்றில், 3,500 ரூபாய். போட்டதும் தட்டு வைக்கிற சத்தம் சுத்தியலால் அடிப்பது போல மண்டைக்குள் இறங்கியது. பேச்சு முன்போலவே புரியவில்லை. நாலே நாளில் அலமாரிக்குள் போட்டுவிட்டேன். "எனக்கு மிஷின் ஒத்துக்காது" என்று எல்லோரிடமும் சொல்லவும் ஆரம்பித்தேன். இப்படிச் சொல்லிக்கொண்டு இருப்பவர்கள் எங்கள் மலையில் நிறையப் பேர் உண்டு. தயவுசெய்து அந்த முதல் மிஷினை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கிக் கொடுக்கும். நம் காது எங்கே குறைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அப்புறம் மகன் கோயம்புத்தூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனான். முதலில் இரண்டு காதிலும் இருந்த அழுக்கை எடுத்தார்கள். அதிலேயே சரியாகிவிடும் என்று உள்ளூர ஆசைப்பட்டேன், ஆகவில்லை. கண்ணாடி சன்னல் வைத்த சின்ன அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். சத்தம் எவ்வளவு மெலிசாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும். தாழ்ந்த சத்தங்கள் முதலில் வந்தன, சடசடவென்று அமுக்கினேன். பிறகு அமைதி. சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காதைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் அம்மா குமிழைத் திருகிக்கொண்டேதான் இருந்தார். சத்தம் வந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு வரவில்லை. வெளியே வந்தபோது உடம்பு வேர்த்திருந்தது.

சோதனை முடிவைக் கோடாகக் காட்டுகிற ஆடியோகிராம் தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. தாழ்ந்த சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம் வரை, 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 8000 வரை. தாளின் இடது ஓரத்திலிருந்து சமதளமாகப் போகிற கோடு 2000 தாண்டியதும் கோடநாடு காட்சிமுனையில் தரை முடிகிற மாதிரி கீழே விழுந்துவிட்டது. 4000இல் ஒரு பள்ளம். "எங்க வேலை பார்த்தீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் 27 வருடம் ஃபிட்டர், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சி.டி.சி. ரோலர் பக்கத்தில் என்றேன். தலையை ஆட்டினார். வருடக்கணக்கில் இரைச்சலில் நின்றவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் பள்ளம் விழுமாம்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். உள்காதில் நத்தை ஓடு போல ஒன்று இருக்கிறது, அதற்குள் மயிரிழை மாதிரி செல்கள். கீச்சுச் சத்தத்துக்கான செல்கள் வாசலை ஒட்டி இருக்கின்றன, அவைதான் முதலில் சாகின்றன. செத்தால் திரும்ப முளைக்காது. ஆ, ஓ, ஊ போன்ற உயிர் ஒலிகள் தாழ்ந்த பக்கம், அதனால் அவை எனக்குக் கேட்கும். க, ச, ட, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டுகிற மெலிசான பகுதி உயர்ந்த பக்கம், அது போய்விட்டது. கதையும் கடையும் எனக்கு ஒன்றானது இப்படித்தான். யாரும் வாய்க்குள் பேசவில்லை. மகனைப் பார்க்கவே முடியவில்லை எனக்கு.

தொழிற்சாலையில் ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேசுவோம். அப்படிக் கத்த வேண்டியிருந்தாலே அந்த இடத்தில் சத்தம் காதைக் கெடுக்கிற 85 டெசிபல் அளவுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஷிப்ட் முடிந்து வந்தால் ராத்திரி வரை காதில் கொய்ங்ங் என்று இருக்கும், காலையில் போய்விடும். போய்விட்டது என்று நாங்கள் நினைத்தோம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டோம், பஞ்சு அந்தச் சத்தத்துக்கு ஒன்றுமே இல்லை. இரைச்சலால் வரும் செவிக்குறைவு அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. எங்களுக்கு அதை யாரும் சொன்னதில்லை. ஒருநாளும் யாரும் எங்கள் காதைச் சோதித்ததும் இல்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்க, 2016 சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் குறைவு இருக்க வேண்டும். எனக்கு 50ஐ ஒட்டித்தான் இருந்தது. அதனால் சீட்டுப் பணத்தில் சொந்தமாக வாங்கினேன், இரண்டும் சேர்த்து 52,000. இதற்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது, பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று போதாதா என்று கேட்டேன். இரண்டு காதுக்கும் சத்தம் வந்து சேர்வதில் இருக்கிற வித்தியாசத்தை வைத்துத்தான் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிக்குமாம். காட்டெருமை ஞாபகம் வந்தது, பேசாமல் இரண்டாக வாங்கிக்கொண்டேன். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு மைசூர் கிட்டம். அங்கே 1965 முதல் நடக்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தில் இதற்கென்றே எல்லா வசதியும் உண்டு.

காதுக்குள் நூல் கட்டிய சின்னப் பஞ்சை வைத்து, ஜில்லென்று ஒரு பசையை நிரப்பி அச்செடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, அந்த அச்சை வைத்து என் காதுக்கென்றே செய்த மோல்டு வந்தது. அதைப் போட்டு மிஷினை ஓட விட்டதும் என் குரலே குடத்துக்குள் பேசுவது போல இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது இன்டிகேட்டர் டிக்டிக்கென்று அடித்தது. அது சத்தம் போடும் என்பதையே மறந்திருந்தேன். வீட்டில் செய்தித்தாளைப் புரட்டினால் சுள்ளி ஒடிகிற மாதிரி. முதல் நாள் இரண்டு மணி நேரம், பிறகு நாலு, பிறகு ஆறு என்று கூட்டிக்கொண்டு போனேன். சத்தத்தையும் முதலில் குறைத்து வைத்து, மூன்று தடவை போய் வரவரக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். ஆறு வருடமாகக் கேட்காத ஒலிகளை மூளை திரும்பப் பழக வேண்டும். தினமும் காலையில் என் மனைவி பேப்பரில் ஒரு பத்தியை வாசிப்பாள், அவள் முகத்தைப் பார்க்காமல் நான் திருப்பிச் சொல்வேன். முதல் வாரம் பாதி தப்பு. அவள் ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை.

மலையில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். குல்லாவையும் மஃப்ளரையும் காதை மூடிப் போட்டால் மைக்கில் உரசி கரகரவென்று இருக்கும், கீ என்று கத்தவும் செய்யும். நான் குல்லாவைக் காதுக்கு மேலே நிறுத்திக்கொள்கிறேன். பனியில் நடந்து வந்தால் மோல்டுக் குழாய்க்குள் ஈரம் கோத்து ஒரு பக்கம் திடீரென்று செத்துப்போகும். பயப்பட வேண்டாம். ராத்திரி பேட்டரியைக் கழற்றி, மிஷினை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைத்தால் காலையில் சரியாகிவிடும். ஜெல் நிறம் மாறினால் மாற்ற வேண்டும். என்னுடையதற்கு 13ஆம் நம்பர் பேட்டரி, ஆரஞ்சு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிஷம் காற்றுப்பட வைத்துப் போடுங்கள். காற்று உள்ளே போனால்தான் அது வேலை செய்யும். ஸ்டிக்கரை உரித்து வைத்துவிட்டால் போடாவிட்டாலும் தீர்ந்துவிடும்.

கல்யாண வீட்டுப் பந்தியில் இன்னும் எனக்குச் சிரமம்தான். சுவரோரமாக உட்கார்ந்து, பேசுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். புரியாவிட்டால் "காது மிஷின் போட்டிருக்கேன், கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க" என்கிறேன். முதல் தடவை அதைச் சொல்லத்தான் தொண்டை அடைத்தது. விடியற்காலையில் ஓடைப் பக்கம் ஒரு கருநீலக் குருவி மனுசன் மாதிரியே சீட்டியடிக்கும். இப்போது அது கேட்கிறது. பேத்தி இன்னும் பாட்டியிடம்தான் படுக்கிறாள். ஆனால் சாயங்காலம் என் மடியில் ஏறி, மிஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாத்தா, கதை" என்கிறாள். கதை என்றே கேட்கிறது.

என்னோடு ரோலரில் நின்ற அண்ணன் ஒருவர் இன்னும் வேலையில் இருக்கிறார். போன வாரம் டீக்கடையில் பார்த்தேன். "எனக்கு நல்லாத்தான் கேக்குது தம்பி, வீட்ல எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்க" என்றார். என் ஆடியோகிராம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எடுத்து விரித்து, அந்தப் பள்ளத்தின் மேல் அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். வருகிற வியாழக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் இரண்டு பேரும் கீழே இறங்குகிறோம்.