ஆண்டர்சன் கேள்வி வந்தா கதைச் சுருக்கம் எழுதாதீங்க

ரிசல்ட் வந்துடுச்சு, எம்.ஏ இங்கிலீஷ்ல சில்ட்ரன்ஸ் லிட்ரேச்சர் பேப்பர் கிளியர், மார்க்கும் பரவால்ல, இப்பதான் நிம்மதியா சாப்பாடு எறங்குது. ஜூனியர்ஸ் நோட்ஸ் கேட்டு மெசேஜ் மேல மெசேஜ், அதான் மொத்தமா இங்கயே போட்டுடறேன். டேனிஷ் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனோட 'பேரரசரின் புத்தாடை' எஸ்ஸே பத்தி மட்டும்தான், என்னைக் கரையேத்தினது அதுதான். கதை தெரியாதவங்களுக்கு ஒரே வரி: சிலருக்கு மட்டும் கண்ணுக்குத் தெரியாத மாயத் துணின்னு ஏமாத்துக்காரங்க வெறும் தறிய ஓட்டுறாங்க, பேரரசர் ஒண்ணும் போடாமலே ஊர்வலம் போறார், ஒரு குழந்தை அதைப் போட்டு உடைக்குது.

கைடுல இதை டேனிஷ் நாட்டுப்புறக் கதைனு போட்டிருக்கான், காசு வாங்கிட்டு இப்படியா. மூலம் ஸ்பெயின், 1335ல டான் ஹுவான் மானுவேல் எழுதின 'கோண்டே லூக்கனோர்'ங்கிற கதைத் தொகுப்பு. ஆண்டர்சன் ஜெர்மன் மொழிபெயர்ப்புலதான் படிச்சார். ஆனா இதோட நிறுத்தினா மார்க் விழாது, அவர் எதை மாத்தினார்னு எழுதணும். ஸ்பானிஷ் கதைல துணி கண்ணுக்குத் தெரியலன்னா நீ உங்கப்பனுக்குப் பொறக்கலன்னு அர்த்தம், சொத்து போச்சு, ராஜாவுக்கு அரியணையே போச்சு. அங்க உண்மைய உடைக்கிறது குதிரை பாத்துக்கிற கறுப்பின ஆள், யாருக்குப் பொறந்தான்னு சொன்னாலும் அவனுக்கு இழக்க ஒண்ணுமில்ல. ஆண்டர்சன் இதை 'பதவிக்கு லாயக்கில்லாதவன் இல்லன்னா முட்டாள்'னு மாத்தினார், உடனே அது ஆபீஸ் கதை ஆயிடுது, வயசான மந்திரி கண்ணாடி வழியா வெறும் தறிய உத்துப் பாத்துட்டு ஆஹா என்ன டிசைன் என்ன கலர்ங்கிறார் பாருங்க, வேலை போயிடுமேங்கிற பயம்தான்.

உண்மைய உடைக்கிற அந்தக் குழந்தை ஆண்டர்சனோட மொத கைப்பிரதில கிடையவே கிடையாது, ஜனங்க பாராட்டுறதோட கதை முடிஞ்சிடும். அச்சுக்கு முன்னாடி திருத்துற ப்ரூஃப் ஸ்டேஜ்லதான் சேர்த்தார்! நான் பேப்பர்ல இதுக்கு அண்டர்லைனே போட்டேன்.

இன்னொன்னு, பேரரசர் வெக்கப்பட்டு ஓடிட்டார்னு நெறைய பேர் எழுதுறாங்க, ஓடவே இல்ல. உள்ளுக்குள்ள உதறுது, ஆனா ஊர்வலத்த முடிச்சே ஆகணும்னு இன்னும் நெஞ்ச நிமித்தி நடக்கிறார், இல்லாத அங்கியோட நுனியத் தூக்கிட்டே ஆளுங்க பின்னாடி போறாங்க. கதையோட தாக்கம் பத்தின லெகசி பாராவ இதுலேர்ந்து ஆரம்பிங்க. அரசியல் கார்ட்டூன்ல இன்னைக்கு வரைக்கும் இந்தக் கதை ஓடுறதுக்குக் காரணம் குழந்தை கத்தினது மட்டும் இல்ல, கத்தின பிறகும் ஊர்வலம் நிக்கலங்கிறதும்தான்.

மனப்பாடம்:
- கதை வெளிவந்தது 1837 ஏப்ரல் 7, கோபன்ஹேகன், ரைட்ஸெல் பதிப்பகம்
- அதே சின்னப் புத்தகத்துலதான் 'குட்டிக் கடற்கன்னி'யும்
- ஸ்பெயின்ல ஏமாத்துறவங்க மூணு பேர், ஆண்டர்சன்ல ரெண்டு
- ஆண்டர்சன் பொறந்த ஊர் ஓடென்ஸ, செருப்புத் தைக்கிறவர் மகன்: ஒரே வரி, வாழ்க்கை வரலாறுனு பக்கம் பக்கமா இழுக்காதீங்க

டைம்டேபிள் போட்டுப் படிக்கிறது எனக்கு ஒத்து வராது, உங்களுக்கு வந்தா போடுங்க. மத்த யூனிட் பத்தி என்கிட்ட கேக்காதீங்க, அதுல நான் தப்பிச்சதே பெருசு.