ஸ்கி பேட்ரோல் ஓ.இ.சி. பயிற்சி: தேர்வைவிட அட்டைதான் அலைக்கழித்தது

பனிச்சறுக்கு மலைகளில் காயமடைந்தவர்களுக்கு முதலுதவி செய்து கீழே இறக்கும் அமெரிக்காவின் நேஷனல் ஸ்கி பேட்ரோல் அமைப்பின் ஓ.இ.சி. எனப்படும் வெளிப்புற அவசர சிகிச்சைப் பயிற்சியை இந்தப் பருவத்தில் முடித்துத் தேறிவிட்டேன். மகிழ்ச்சிதான். ஆனால் பாடத்தோடு துளியும் தொடர்பில்லாத காரணங்களால் தேர்வில் உட்காரவே முடியாமல் போயிருக்கும் என்ற ஆதங்கம் இன்னும் அடங்கவில்லை. பனிச்சறுக்கு நன்றாக வரும், ஏதோ ஒரு மலையில் விண்ணப்பமும் கொடுத்தாகிவிட்டது, இலையுதிர் காலத்தில் வகுப்பு தொடங்கப்போகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சி.பி.ஆர். அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்; இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பயிற்சியை முடித்ததற்கான சான்று அது. அது இல்லாமல் ஓ.இ.சி. முடியாது என்பது சேரும்போதே சொல்லப்படும். ஆனால் எந்த நிலை அட்டை என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பொதுமக்களுக்கான நிலை போதாது. மருத்துவப் பணியாளர்களும் தொழில்முறை மீட்பாளர்களும் எடுக்கும் பி.எல்.எஸ்., அதாவது அடிப்படை உயிர்காப்பு நிலை வேண்டும். நான் பணம் கட்டியது பி.எல்.எஸ். வகுப்புக்கு, வகுப்பில் செய்ததும் அதுவே. இரண்டு பேர் மாறி மாறி நெஞ்சை அழுத்துவது, முகமூடி பொருத்திய பையை அமுக்கி மூச்சுக் கொடுப்பது, பெரியவர்களுக்கு 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு என்றிருக்கும் கணக்கை, மீட்பாளர்கள் இருவராக இருக்கையில் குழந்தைக்கு 15க்கு 2 என்று மாற்றுவது என அனைத்தையும் பொம்மையின் மீது செய்துகாட்டிவிட்டே வெளியே வந்தேன். பின்னர் மின்னஞ்சலில் வந்த அட்டையிலோ பொதுமக்களுக்கான நிலையின் பெயர் இருந்தது. போதாக்குறைக்கு, என் தந்தையின் பெயர் முன்னும் என் பெயர் பின்னுமாக அச்சாகியிருந்ததால், பேட்ரோல் பதிவேட்டில் இருக்கும் ஆளும் அட்டையில் இருக்கும் ஆளும் வெவ்வேறு நபர்களாகத் தெரிந்தார்கள்.

அந்தப் பயிற்சி நிறுவனத்தை அழைத்தபோது, வருகைப் பட்டியலில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது, பட்டியலையும் மூடிவிட்டோம், வேண்டுமென்றால் மறுபடியும் பணம் கட்டி வகுப்புக்கு வாருங்கள் என்றார் அலுவலர். ரசீதில் பி.எல்.எஸ். என்று தெளிவாக இருக்கிறதே என்றேன். ரசீதைக் கவனிப்பவர்கள் வேறு, அட்டை வழங்குபவர்கள் வேறு என்று பதில் வந்தது. அதன் பிறகு அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு, உங்கள் கோரிக்கை பெறப்பட்டது என்ற தானியங்கிப் பதிலைத் தவிர எதுவும் வரவில்லை. தேர்வு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் தவறான கட்டத்தில் குறியிட்டதற்காக, குளிரில் உருண்டு புரண்டு கற்ற ஒரு பருவத்துப் பயிற்சி வீணாகப் போகலாம் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

காப்பாற்றியவர் எங்கள் தலைமைப் பயிற்றுநர்தான். ஓய்வுபெற்ற செவிலியரான அவர், பக்கத்து மலையின் பேட்ரோலில் பி.எல்.எஸ். பயிற்றுநராக இருக்கும் ஒருவரிடம் பேசி, வேலை முடிந்த ஒரு மாலையில் முதலுதவி அறைக்கே அவரை வரவழைத்தார். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில், குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துகிறேனா என்று ஒவ்வொன்றையும் மறுபடி பார்த்துவிட்டு, என் ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பெயரைப் பதிந்து அட்டையை வழங்கினார். ஆகவே, வகுப்பு முடிந்து பயிற்றுநர் கிளம்புவதற்கு முன்பே, எந்த நிலையில், எந்தப் பெயரில் பதிவு செய்கிறீர்கள் என்று கேட்டு, அந்தத் திரையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அட்டை 2 ஆண்டுகள் செல்லும் என்றாலும், பேட்ரோலில் சி.பி.ஆர். திறனை ஒவ்வோர் ஆண்டும் செய்துகாட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இணையவழிப் பாடங்களும் எழுத்துத் தேர்வும் எனக்குத் தொல்லை தரவில்லை. புத்தகம் தடிமனானது; முன்கூட்டியே படிக்கத் தொடங்கினால் போதும்.

செய்முறை வேறு உலகம். ஆம்புலன்ஸ் சில நிமிடங்களில் வந்துவிடும் என்று நம்பி அமைக்கப்பட்ட நகரத்து முதலுதவி அன்று இது. 1936இல் வெர்மான்ட்டின் ஸ்டோவில் பனிச்சறுக்கு ஆர்வலரான மினாட் டோல் கணுக்கால் முறிந்து கிடந்தபோது, நண்பர்கள் கூரைத் தகரம் ஒன்றைத் தேடி எடுத்துவந்து, அதில் கிடத்தித்தான் அவரைக் கீழே இறக்கினார்கள். அதே ஆண்டு அவருடைய நண்பர் ஃப்ராங்க் எட்சன் ஒரு பந்தயத்தில் விழுந்து உயிரிழந்தார். இந்த இரண்டின் விளைவாகவே 1938இல் டோல் முன்னின்று பேட்ரோல் அமைப்பைத் தொடங்கினார். 1980களில் மருத்துவர் வாரன் போமன் ஓ.இ.சி. பாடத்தை வகுத்தபோதும், முதுகுப்பையில் இருப்பதையும் டொபாகன் எனப்படும் மீட்புச் சறுக்குவண்டியில் வருவதையும் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதே அடிப்படையாக இருந்தது. இதை மனதில் வைத்துப் படித்தால், புத்தகத்தில் ஏன் இத்தனை பக்கங்கள் கட்டுப்போடுவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பது விளங்கும்.

என்னை அதிகம் சோதித்தது, முறிந்த காலை இழுத்த நிலையில் நிறுத்தும் கருவியான ட்ராக்‌ஷன் ஸ்பிளிண்ட். தொடை எலும்பு நடுவில் முறிந்தால், சுற்றியுள்ள வலிமையான தசைகள் இறுகி முறிந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளுக்குள் ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் தேங்கக்கூடும். அதனால் காலைச் சீராக இழுத்து, அந்த இழுவையிலேயே நிறுத்திக் கட்ட வேண்டும். ஒருவர் கையால் இழுத்துப் பிடித்துவிட்டால், கருவி அந்த இழுவையை ஏற்றுக்கொள்ளும்வரை விடவே கூடாது. கட்டுவதற்கு முன்னும் பின்னும் பாதத்தில் நாடித் துடிப்பு, விரல்களின் அசைவு, தொடு உணர்வு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். இடுப்பெலும்பிலோ முழங்காலிலோ கீழ்க்காலிலோ அடி இருந்தால் இந்தக் கருவியைத் தொடக்கூடாது. நடைமுறைத் தேர்வில் பலர் இடறுவது இந்தக் கடைசி விதியில்தான். கட்டும் வேகத்தில் முழங்காலை அமுக்கிப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் நாங்கள் பழகியது கதகதப்பான அறையில், கம்பளத் தரையில். நோயாளியாக நடித்தவர்கள் ஓட்டப்பந்தயக் காலணி அணிந்திருந்தார்கள். மலையில் விழுபவரின் காலில் இருப்பதோ குளிரில் விறைத்துப்போன பிளாஸ்டிக் பூட்ஸ். எல்லாக் கொக்கிகளையும் கடைசிவரை தளர்த்தி, ஒருவர் காலை அசையாமல் தாங்க, மற்றவர் பூட்ஸின் கெட்டியான வெளிக்கூட்டை இரு கைகளாலும் அகல விரித்தால்தான் அது கழலும். இந்தப் பயிற்சித் திட்டத்தின் மீது எனக்குள்ள பெரிய குறை இதுதான்: பனியில் செய்யப்போகும் வேலையை ஒரு முறையாவது பனியில் கற்றுத்தர வேண்டும். நாங்கள் சிலர் சேர்ந்து வற்புறுத்திய பிறகு, இருட்டத் தொடங்கும் வேளையில் வாகன நிறுத்துமிடத்து ஓரம் குவிந்திருந்த பனியில் ஒரு பயிற்சி நடந்தது. அறையில் தெரியாத அனைத்தும் அங்கே தெரிந்தன. வெல்க்ரோ பட்டையின் கொக்கிகளுக்குள் பனி புகுந்ததும் அது ஒட்டவே இல்லை. நைலான் கையுறைக்கு மேல் கனத்த கையுறை போட்ட விரல்களுக்குக் கொக்கி அகப்படவில்லை. பேனா மை உறைந்து எழுத மறுத்தது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் குளிர்ந்த விரலில் எந்த எண்ணையும் காட்டவில்லை. அன்று முதல் பட்டைகளை மடித்து ஒரு பைக்குள் வைக்கிறேன், பென்சிலால் எழுதுகிறேன், குளுகோஸ் ஜெல் குழாயை முதுகுப்பையில் வைக்காமல் மேலங்கியின் உட்பையில் வைக்கிறேன்.

தேர்வு நாளும் முதல் முறை வீணானது. ஓ.இ.சி. இறுதித் தேர்வைப் பயிற்றுநர்களுக்கே பயிற்றுநராக இருக்கும் ஒருவர் மேற்பார்வையிட வேண்டும். எங்களுக்கு ஒதுக்கப்பட்டவரால் வர இயலவில்லை என்று தேர்வைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அந்த அறிவிப்பைப் பழைய உறுப்பினர் பட்டியலுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த நாங்கள், அதாவது தேர்வெழுத வேண்டியவர்கள், அந்தப் பட்டியலில் இல்லை. விடியுமுன் கிளம்பி, பனி விழுந்த மலைப்பாதையில் வந்து சேர்ந்தால் முதலுதவி அறை பூட்டிக் கிடந்தது. பொறுப்பாளரிடம் கேட்டதற்கு, அறிவிப்பு அனுப்பியாயிற்று என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மலைக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு, பயிற்றுநரின் கைப்பேசிக்கே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள்.

தேர்வு ஒருவழியாக நடந்தபோது எனக்கு வாய்த்த நடிப்பு நோயாளி, சறுக்குப்பாதையின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு ஸ்னோபோர்டர், அதாவது ஒற்றைப் பலகையில் சறுக்குபவர். என் ஸ்கிகளைக் குறுக்காக மேட்டுப்பக்கம் நட்டுவிட்டு அருகில் போனேன். பேச்சு குழறுகிறது, ஒன்றுமில்லை, போங்கள் என்று எரிந்து விழுகிறார், விழுந்த அடையாளம் ஏதும் இல்லை. உடல் வெப்பநிலை 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் இப்படியும் ஆகும். 32ஐ நெருங்கினால் நடுக்கமும் நின்றுவிடும். எனக்கு முன் செய்தவர்கள் இருவரும் குளிர்பாதிப்பு என்றே முடிவு செய்து போர்வையில் சுற்றிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் நாடி பார்க்க இடது கையுறையைக் கழற்றி, அங்கியின் கையையும் அதற்குள் இருந்த கம்பளி உடையின் கையையும் மேலே ஏற்றியபோது, மணிக்கட்டில் மெல்லிய உலோக வளையம் ஒன்று தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தேன்: நீரிழிவு, இன்சுலின் என்று பொறித்திருந்தது. இரத்தச் சர்க்கரை குறைந்தாலும் இதே குழறலும் எரிச்சலும் வரும். கடைசியாக எப்போது சாப்பிட்டார், இன்சுலின் எப்போது போட்டுக்கொண்டார் என்று கேட்டு, விழுங்க முடிகிறதா என்று உறுதி செய்துகொண்டு, குளுகோஸ் ஜெல்லைக் கொடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். கூடவே குளிரும் இருக்கலாம் என்பதால், அவருக்கும் பனிக்கும் இடையே விரிப்பும் போட்டேன். அதுவரை முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் நின்ற தேர்வாளர், தாளில் குறித்துவிட்டுத் தலையசைத்தார்.

வாய்விட்டுச் சொல்வது என்றேனே, அதுதான் தேர்வின் பாதி. இடம் பாதுகாப்பானதா என்று பார்த்ததையும், கையுறை அணிந்ததையும், கழுத்துத் தண்டில் அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகிப்பதையும் மனதுக்குள் செய்தால் மதிப்பெண் கிடையாது. வாக்கி-டாக்கியில் உதவி கேட்கும்போதும் இடம், வயது, ஆணா பெண்ணா, முதன்மைத் தொல்லை, வேண்டிய கருவி என்ற வரிசை மாறக்கூடாது. தனியாக இருக்கும்போது சுவரைப் பார்த்தாவது உரக்கச் சொல்லிப் பழகுங்கள். எனக்கு அது வெகுவாகக் கைகொடுத்தது.

சான்றிதழ் வந்த கையோடு நோயாளியைத் தனியாக இறக்க அனுப்பிவிட மாட்டார்கள். டொபாகனைச் சரிவில் கட்டுப்படுத்தி இறக்கும் பயிற்சி தனி. அது இப்போதுதான் எனக்குத் தொடங்கியிருக்கிறது. ஓ.இ.சி.யையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்: பாடத்தை மூன்றாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியாக மூன்று ஆண்டுகளில் முழுவதையும் மறுபடி பார்க்கவைக்கிறார்கள். அடுத்த இலையுதிர் காலப் புதுப்பிப்பில், பூட்ஸ் கழற்றுவதையும் ட்ராக்‌ஷன் ஸ்பிளிண்ட் கட்டுவதையும் வெளியே, உண்மையான ஸ்கி பூட்ஸ் அணிந்த ஒருவரை வைத்து நடத்தும்படி தலைமைப் பயிற்றுநரிடம் கேட்டிருக்கிறேன். அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார், பழைய பூட்ஸ் சேகரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்.