நாலு மணி நேரக் கணக்கு

ஜூன் 2, 2025, திங்கள்

மீன்பிடித் தடைக்காலம் இன்னும் முடியவில்லை. மண்டபத்தில் நான் கணக்கு எழுதும் ஐஸ் ஆலையில் ஒரே ஒரு கம்ப்ரசர்தான் ஓடுகிறது. ஏப்ரல் 15-லிருந்து விசைப்படகு எல்லாம் கரையோரம் கட்டிக் கிடக்க, நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் வந்து நாலைந்து கட்டி வாங்கிப் போகிறார்கள். ஓவர்டைம் கிடையாது, வெறும் சம்பளம். கையில் நேரம் இருக்கிறது, காசு இல்லை. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டில் எனக்குக் கோல்டு, அதாவது விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் பணம், சேர்வது இந்த மாதிரி மாதங்களில்தான்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: அதில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு சந்தை உண்டு. வாங்கும் விலையையோ விற்கும் விலையையோ நாம் போட்டு வைத்துவிட்டால், அந்த விலைக்கு ஒத்துவரும் ஆள் உலகத்தில் எங்கிருந்தாவது வரும்போது தானாக முடிந்துவிடும். நாம் உள்ளே இருக்க வேண்டியதில்லை. இப்படி ஒரே நேரத்தில் போட்டு வைக்க, சந்தா கட்டுபவர்களுக்கு எட்டு இடம், இலவசமாக ஆடுபவர்களுக்கு மூன்று. ஒவ்வொரு பொருளுக்கும் நாலு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று ஓர் உச்சவரம்பு. முதல் உருப்படி கைக்கு வந்த நிமிடத்திலிருந்து அந்த நாலு மணி நேரம் ஓடத் தொடங்கும்.

வேலைக்குப் போகிறவர்களுக்குச் செய்து வைத்தது போன்ற விதி இது. காலை எட்டரைக்குத் தங்கச்சிமடத்தில் பஸ் ஏறுமுன் எட்டு இடத்தையும் நிரப்பிவிடுவேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்ததை எடுத்து விற்பனைக்குப் போடுவேன். வரம்பும் அதற்குள் புதுப்பித்திருக்கும். சாயங்காலம் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் போதும். நாள் முழுக்க திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் வேகமாக ஓடும் பொருளில் என்னை அடித்துவிடுவான், அது உண்மை. மெதுவாக ஓடும் பொருளில் அவனுக்கும் அதே வரம்பு, எனக்கும் அதே வரம்பு.

பாலத்தில் இன்று அரை மணி நேரம் நின்றோம். ஏப்ரல் 6-ம் தேதி புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து, சாலைப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி வேடிக்கை பார்க்கிற கூட்டம் அதிகமாகிவிட்டது. சிக்னல் மட்டும் நன்றாக இருந்தது.

ஜூன் 4, புதன்

ஆலையில் மேற்பார்வை பார்க்கும் கீழக்கரை காக்கா (அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பேப்பரும் கையுமாக வந்தார். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு இரவு 12 முதல் காலை 5 வரை தடை, ஆதார் கட்டாயம் என்ற தமிழக அரசின் விதிகள் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் நேற்று தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

"ஏம்மா, ஒன் கேமையும் ராத்திரி பூட்டிப்புடுவாங்களா?"

"இது ரம்மி மாதிரி இல்ல காக்கா. இதுல உள்ள போன காசு வெளிய வராது."

"அப்ப அது அதவிட மோசம்ல?"

பதில் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் விஷயம் அதுதான். இந்த விளையாட்டில் ரூபாய்க்கும் கோல்டுக்கும் நடுவே ஒரே ஒரு வாசல்: பாண்ட். ரூபாய் கொடுத்து பாண்ட் வாங்கி அதைச் சந்தையில் கோல்டுக்கு விற்கலாம். இல்லையென்றால், விளையாடிச் சேர்த்த கோல்டைக் கொடுத்து இன்னொருவர் விற்கும் பாண்டை வாங்கி 14 நாள் சந்தாவாக மாற்றிக்கொள்ளலாம். கோல்டை ரூபாயாக மாற்றுவதற்கு மட்டும் முறையான வழி எதுவும் இல்லை. எனக்கு அது நிம்மதிதான். இருந்திருந்தால் ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன்.

சந்தை வரி பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன். 2021 டிசம்பரில் 1 சதவீதமாக வந்தது, போன மாதக் கடைசியில் 2 ஆகிவிட்டது. விற்பவர் தலையில்தான் விழும். 50 கோல்டுக்குக் கீழே விற்கும் பொருளுக்கும் பாண்டுக்கும் வரி இல்லை. ஆயிரத்துக்கு வாங்கி 1,015-க்கு விற்றால் முன்பு 10 வரி போய் 5 நின்றது. இப்போது 20 போய், கையிலிருந்து 5 கூடப் போகிறது. பத்தாயிரம் உருப்படி இப்படி ஓட்டிவிட்டு லாபம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். நான் இப்போது விலை வித்தியாசம் நாலு சதவீதமாவது இல்லாத பொருளைத் தொடுவதில்லை. அப்படிப்பட்ட பொருள் விற்க நாளாகும். ஆகட்டும், நான் எப்படியும் ஆலையில்தான் இருக்கப் போகிறேன்.

ஜூன் 7, சனி

பக்ரீத். காக்கா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. லீவு நாள் என்பதால் ஆற அமர உட்கார்ந்து ஆல்க்கெமி செய்தேன்.

அறிந்தவர்களுக்குப் பழைய கதை: மேஜிக் என்ற திறனில் 55-ம் நிலைக்கு வந்துவிட்டால் ஒரு பொருளைக் கோல்டாக உருக்கலாம். ரூன் பிளேட்பாடி என்ற கவசத்தை உருக்கினால் 39,000 வரும். சந்தை எப்படிப் போனாலும் இந்த 39,000 மாறாது, வரியும் கிடையாது. ரூன் என்பது மந்திரம் போடும்போது செலவாகும் கல். ஒரு உருக்கலுக்கு ஒரு நேச்சர் ரூன் செலவு. நெருப்புக் கோல் கையில் இருந்தால் ஃபயர் ரூன் செலவு மிச்சம். கவசம் 38,600-க்குக் கிடைத்து, நேச்சர் ரூனுக்கு நூற்றுச் சொச்சம் போனால், ஒன்றுக்கு முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். நாலு மணி நேரத்துக்கு 70 கவசம்தான் வரம்பு. அதாவது இருபதாயிரம். சில்லறைக் காசு.

ஆனாலும் இதை விடுவதில்லை. மூன்று நொடிக்கு ஒரு தட்டு, கட்டைவிரல் அதே இடத்தில். தட்டும்போது மஞ்சளாக ஒரு பொறி எழும், கவசம் ஒன்று குறையும், கோல்டு எண்ணிக்கை ஏறும். கண் டிவியில் இருக்கலாம், காது அம்மா பேச்சில் இருக்கலாம். மேஜிக் அனுபவம் வேறு கூடுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் இதை முழுநேரத் தொழிலாக வைத்துக்கொண்டால் நட்டம், கை சும்மா இருக்கும் நேரத்தில் வைத்துக்கொண்டால் சரி.

ஜூன் 11, புதன்

புதன்கிழமை அப்டேட் வரும் நாள். நம் நேரத்துக்குச் சாயங்காலம், நான் அன்றாட வரவைக் கூட்டிக்கொண்டிருக்கும் பொழுது. எந்தப் பொருளுக்கு எந்த மாற்றம் என்ற செய்தி வந்த கையோடு விலை துள்ளும், அடுத்த அரை மணியில் இறங்கும். அந்த அரை மணியில் நான் போனைத் தொட முடியாது. அதனால் செவ்வாய் ராத்திரியே ஊசலாடும் சரக்கையெல்லாம் விற்றுவிடுகிறேன்.

டெஸ்பாட்ச் பார்க்கும் தம்பியும் விளையாடுகிறான். யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று இருந்த கோல்டு முழுவதையும் ரனார் மூலிகையில் போட்டான். விலை ஒன்றும் அதலபாதாளத்துக்குப் போகவில்லை, கொஞ்சம்தான் இறங்கியது. ஆனால் விற்றால் வரியோடு நட்டம், விற்காவிட்டால் அடுத்த சண்டைக்கு மருந்து வாங்க ஒரு காசு இல்லை.

"அக்கா, ஒரு இருபது லட்சம் குடுங்கக்கா, சனிக்கிழமை தந்துடுறேன்."

கொடுத்தேன், அது வேறு. ஆனால் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் ரொக்கமாக இருக்க வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். எங்கள் முதலாளி படகுக்காரர்களுக்கு எவ்வளவு கடன் கொடுத்தாலும் கரண்ட் பில்லுக்கான காசில் கை வைக்க மாட்டார். மின்சாரம் நின்றால் தொட்டியில் இருக்கும் ஐஸும் தண்ணீர்தான். அதே கணக்கு இது.

துறைமுகத்தில் பெயிண்ட் வாசனை. ஆள்கள் வலையைக் கோத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐஸ் கடன் கேட்டு நாலு படகுக்காரர்கள் வந்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் 16, திங்கள்

14-ம் தேதியோடு 61 நாள் தடை முடிந்தது. நேற்றும் இன்றும் ஆலையில் நிற்க இடமில்லை. மூன்று கம்ப்ரசரும் ஓடுகின்றன. நசுக்கும் இயந்திரத்துச் சத்தத்தில் யார் என்ன கேட்கிறார்கள் என்றே புரியவில்லை. விளையாட்டுப் பக்கம் போகவில்லை.

ஜூன் 19, வியாழன்

இனிமேல் இரண்டு வேளைதான் உள்ளே போக முடியும், விடியற்காலை வேலைக்கு வருமுன் ஒன்று, வீடு திரும்பியபின் ஒன்று. ஆகவே முறையை மாற்றிவிட்டேன். எட்டு இடத்தில் ஆறு நீண்ட காத்திருப்புக்கு. நடப்பு விலையிலிருந்து ஐந்தாறு சதவீதம் கீழே போட்டு விட்டுவிடுவது. யாராவது அவசரத்தில் சரக்கைக் கொட்டினால் அந்த விலைக்கு வந்து விழும், விழாவிட்டால் கோல்டு அங்கேயே முடங்கியிருக்கும். மீதி இரண்டு இடம் விளையாட்டில் எனக்கு வேண்டிய சாப்பாடு, மருந்து வாங்க. தடைக்காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு லட்சம் வந்தது. இப்போது மூன்று, நாலு. பரவாயில்லை.

தம்பி போனைக் கொண்டுவந்து காட்டினான். யாரோ ஒருவன் மெசேஜில் பாதி விலைக்குக் கோல்டு தருகிறானாம். ரூபாய் கொடுத்தால் போதுமாம், பாண்ட் தேவையில்லையாம். அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஒன்று, ஆள் இல்லாமல் இராப்பகலாகத் தானே ஆடும் நிரல், பாட் என்பார்கள். இல்லையென்றால் யாரோ ஒருவருடைய திருடப்பட்ட கணக்கு. இரண்டுமே விளையாட்டை நடத்தும் ஜாஜெக்ஸ் நிறுவனத்தின் விதிக்கு விரோதம், வாங்கியவன் கணக்கும் போகும். சந்தைக்கு வெளியே நின்று "உன் காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று கூவுகிறவர்கள் இவர்களுக்குத் தேவலாம். அவர்களிடம் கோல்டு மட்டும்தான் போகும், கார்டு எண் போகாது.

ஜூன் 22, ஞாயிறு

ரொம்ப நாளாக மனதில் ஓடுவதை எழுதிவிடுகிறேன். சந்தாவை ரூபாயில் கட்டுவதா, கோல்டில் கட்டுவதா?

விளையாடுகிறவர்கள் பலர் இதை மானப் பிரச்சினை ஆக்கிவிட்டார்கள். "நான் ஒரு பைசா போட்டதில்லை, எல்லாம் பாண்டில்தான்" என்பார்கள். ஒரு பாண்ட் ஒரு கோடி கோல்டைத் தாண்டிவிட்டது. நாளுக்கு மூன்று லட்சம் சேர்க்கிறவர் 14 நாளும் சேர்த்தாலும் பாதி தேறாது. அப்புறம் எதற்கு விளையாடுவது? சந்தாவுக்காக உழைக்கிற இரண்டாவது வேலை அது, அதுவும் சம்பளமில்லாமல்.

என் நேரத்துக்கு இரண்டு விலை இருக்கிறது. சீசனில் ஓவர்டைம் கேட்டால் கிடைக்கும், மூன்று ராத்திரி இருந்தால் ஒரு மாதச் சந்தா வந்துவிடும். அப்போது பாண்டுக்காகப் போனைத் தட்டிக்கொண்டிருப்பது அசட்டுத்தனம், ரூபாயில் கட்டிவிட வேண்டும். தடைக்காலத்தில் என் ஒரு மணி நேரத்தை ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள். அப்போது கோல்டு சேர்த்து பாண்டில் கட்ட வேண்டும். ஒருவருடைய நல்ல வழி மாதத்துக்கு மாதம் மாறலாம் என்பதை, ஒரே சம்பளம் ஒரே நேரம் என்று இருக்கும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இங்கே படகில் போகும் எவரிடமும் சொன்னால் உடனே புரியும்.

ஒரு எச்சரிக்கை. தடைக்காலத்தில் பாண்டுகளை வாங்கி அடுக்கி வைக்கலாம், நானும் மே மாதம் வாங்கி வைத்தேன். ஆனால் சந்தையில் வாங்கிய பாண்டைத் திரும்ப விற்க முடியாது. விற்கத்தான் வேண்டும் என்றால் அதன் விலையில் 10 சதவீதம் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே சேமிப்பு என்று எண்ணி வாங்காமல், செலவு செய்யப்போவதற்கு மட்டும் வாங்குங்கள். சேமிக்க வேண்டுமென்றால் கோல்டாகவே வைக்கலாம். ஓர் அடுக்கில் 2,147,483,647 வரைதான் நிற்கும், அதாவது 214 கோடிச் சொச்சம். அதற்கு மேல் பிளாட்டினம் டோக்கனாக மாற்ற வேண்டும். அந்தக் கவலை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

ஜூன் 25, புதன்

கச்சான் காற்று பலமாக வீசுகிறது. கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் கொடுக்கவில்லை, படகு எதுவும் போகவில்லை. அறுத்து வைத்த ஐஸ் அப்படியே இருக்கிறது. புதன்கிழமை அப்டேட்டை ரொம்ப நாளைக்குப் பிறகு உட்கார்ந்து பார்த்தேன். அவசரத்தில் கொட்டியவர்கள் உபயத்தில் போன வாரம் போட்டுவிட்ட ஆறில் நாலு விழுந்தது. இருட்டுவதற்குள் விற்று முடித்ததில் 14 லட்சம்.

பாக்கி விசாரிக்க வந்த பாம்பன் படகுக்கார அண்ணன் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பதினாலு லட்சமா?"

"கேம்ல அண்ணே."

"எதுலயோ ஒண்ணுல. என் ஐஸ் பாக்கிய அதுல கழிச்சுக்க."

கழிக்கவில்லை. அவர் பெயரில் 6,400 ரூபாய் நிற்கிறது.