பதினாறு வயதில் வைத்த பெயர்

போன வருசம் ஆடி மாதம், சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம், முகம் கழுவினால் எரியத் தொடங்கியது. முதலில் கண்ணுக்குக் கீழே, பிறகு கன்னம் முழுக்க. துவாயால் ஒற்றினால்கூடச் சுண்டி இழுத்தது. மூக்கோரமும் நெற்றியும் மட்டும் பழையபடி மினுங்கின. அந்த மினுக்கத்தைப் பார்த்துவிட்டு நான் செய்த வேலை, பருவுக்கென்று விற்கிற நுரைப் போத்தலை எடுத்து இன்னும் ஒருதரம் கழுவியதுதான். நாளுக்கு நாலு தரம் ஆயிற்று.

எனக்கு எண்ணெய்த் தோல் அல்லவா? 1994இல் எனக்கு 16 வயது. யாழ்ப்பாணத்தில் போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம், சவர்க்காரம் ஆனை விலை. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. முகத்துக்குப் பயற்றம்மா. என் கன்னம் இரண்டும் பரு, நெற்றியில் எந்த நேரமும் எண்ணெய். "இவளின்ர முகத்தில அப்பளம் பொரிக்கலாம்" என்று அம்மம்மா ஒருநாள் சொன்னது வீடு முழுக்கப் பரவிவிட்டது. ராசி, நட்சத்திரம் மாதிரி அதுவும் என்னோடு ஒட்டிக்கொண்டது. முப்பது வருசமாக எதை வாங்கினாலும் 'எண்ணெய்ச் சருமத்துக்கு' என்று போட்டிருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

எரிச்சலோடு முகமும் கறுக்கத் தொடங்கியது. தேசிக்காய்ச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் ஸ்கூட்டி ஓடியது முதல் பிழை. தேசிக்காயில் இருக்கிற ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்தால் தோல் வெந்து, வெந்த இடம் கறுக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது பிழை பெரியது. டவுனில் ஒரு பார்லரில் சின்னப் பேணி ஒன்று தந்தார்கள். பெயரும் இல்லை, என்ன கலந்தது என்ற விவரமும் இல்லை. பத்தே நாளில் முகம் பளிச்சென்று வந்தது. நல்லூர்த் திருவிழாவில் கண்டவர்கள் எல்லாம் "என்ன பூசுறீர்?" என்று கேட்டார்கள். எனக்கும் புழுகம்தான். தேர் முடிந்து இரண்டு கிழமையில், ஒரு நாள் பூசாமல் விட்டாலே முகம் சிவந்து தணல் மாதிரிக் காந்தியது. கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தால் கன்னத்தில் சிவப்பு நூல் நூலாக நரம்பு தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் தோல் வைத்தியரிடம் போனேன். முகத்தில் பூசுகிற எல்லாவற்றையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு ஷொப்பிங் பை நிறையக் கொண்டுபோய் மேசையில் அடுக்கினேன், பதினொரு சாமான். டொக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்கு எண்ணெய்த் தோல் எண்டு ஆர் சொன்னது?"

"அம்மம்மா."

"எப்ப?"

பதில் சொல்ல வாயெடுத்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பேணியில் ஸ்டீரொய்டு இருக்கவேண்டும் என்றார். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை அமத்துவதால் முதல் கொஞ்சநாள் முகம் வெளுத்து வழவழப்பாகத் தெரியுமாம். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பி அடிக்கும். வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலதில் பாதரசமும் கலப்பார்கள், அது சிறுநீரகம் வரைக்கும் போகும். விவரம் ஒட்டாத பேணியை இனிக் கையாலும் தொடுவதில்லை என்று அந்தக் கதிரையில் இருந்தபடியே முடிவெடுத்தேன்.

சரி, என்னுடைய தோல் என்ன வகை? அதை இப்போது பார்க்கவே முடியாது, முதலில் ஆறவேண்டும் என்றார். பதினொரு சாமானில் ஒன்றும் மிஞ்சவில்லை. மென்மையான, வாசனையில்லாத கழுவி ஒன்று, இரவில் மட்டும். வெறும் ஈரப்பசைக் கிறீம் ஒன்று. கொஞ்ச நாளுக்கு ஒரு மருந்து. முதல் மூன்று கிழமையும் நரகம். மாஸ்க் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். அந்தப் பேணியைத் தேடி எடுக்கக் கை எத்தனையோ தரம் போனது. எறியாமல் அலுமாரிக்குள் வைத்திருந்தேன், என்னத்துக்கு என்று தெரியாது.

இரண்டரை மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, தோல் என்ன வகை என்று பார்க்கிற சோதனையைச் செய்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. முகத்தைக் கழுவி, ஒற்றி, ஒன்றும் பூசாமல், ஃபானுக்குக் கீழே இராமல் ஒரு மணித்தியாலம் விடவேண்டும். பிறகு டிசுப் பேப்பரை நெற்றி, மூக்கு, நாடி, இரண்டு கன்னம் என்று தனித்தனியாக ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். நெற்றியில் ஒற்றியது வடை சுற்றிய பேப்பர் மாதிரிக் கண்ணாடியாக இருந்தது. மூக்கும் அப்படித்தான். கன்னத்தில் ஒற்றியது வாங்கின மாதிரியே வெள்ளை. அதில் செதில் இரண்டு ஒட்டியிருந்தது. வாயைத் திறந்தால் கன்னம் இறுகியது. ஆக, ஒரே முகத்தில் இரண்டு தோல். கலப்புத் தோல் என்பது இதுதான். முப்பது வருசமாக நெற்றிக்கு வைத்தியம் பார்த்துக் கன்னத்தைக் காயப் போட்டிருக்கிறேன்.

உலர்ந்தது, எண்ணெய், சாதாரணம் என்று தோலைப் பிரித்துப் பிரபலமாக்கியது வைத்தியர்களும் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெலனா ரூபின்ஸ்டைன் என்ற அழகுசாதன வியாபாரிதான். அந்தப் பிரிப்பில் பயன் இருக்கிறது, ஆனால் அது இன்றைய நிலைமையைச் சொல்வது. பருவ வயதில் ஹோர்மோன் ஏறும்போது எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. நாற்பதைத் தாண்டி மாதவிடாய் நிற்கும் காலம் கிட்ட வரும்போது ஈஸ்ட்ரஜன் குறைகிறது, தோல் உலர்கிறது, மெலிகிறது. மாதவிடாய் நின்று முதல் ஐந்து வருசத்தில் தோலைத் தாங்குகிற கொலாஜன் என்ற புரதத்தில் ஏறத்தாழ 30 வீதம் போய்விடும் என்று டொக்டர் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. மேல்தோல் புதுப்பிக்க இளவயதில் ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும், வயது போகப் போக இன்னும் நாள் பிடிக்கும். ஒரு கிழமை பூசிவிட்டு "இது எனக்குச் சரிவரேல்லை" என்று நான் எறிந்த போத்தல்களின் கணக்கை இங்கே எழுத மாட்டேன்.

எங்கள் தண்ணியைப் பற்றியும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. எங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் விரலை விட்டால் வெள்ளைப் படை உரியும். அந்தச் சுண்ணாம்பு சவர்க்காரத்தோடு சேர்ந்து ஒரு பிசுக்காகித் தோலில் படிகிறது. எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராதது அதனால்தான். இன்னொன்று, தோலின் மேற்பரப்பு கொஞ்சம் புளிப்புத்தன்மை உள்ளது, அமில அளவு (pH) 5க்குக் கிட்ட. எண் குறைந்தால் புளிப்பு, 7ஐத் தாண்டினால் காரம். சவர்க்காரக் கட்டி 9, 10. இளம் தோல் அதைச் சமாளித்துவிடும். என்னுடையது இப்போது சமாளிக்கவில்லை. கொதித்தாறிய தண்ணியில் கழுவிப் பார் என்று ஒரு மச்சாள் சொன்னாள். கொதிக்க வைக்கும்போது கொஞ்சச் சுண்ணாம்பு கேத்திலிலேயே தங்கிவிடும் என்பது உண்மைதான், ஆனால் எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. சவர்க்காரத்தை முகத்துக்கு விட்டதே போதுமாக இருந்தது.

எங்கள் வீட்டில் மூன்று பெண்கள், ஒரே கிணற்றடி, ஒரே சவர்க்காரக் கட்டி. மகளுக்கு 15 வயது, நெற்றி முழுக்கப் பரு. அம்மம்மா சொன்னதை அவளிடம் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் நெற்றிக்கு வழிவதை நிறுத்தியதிலேயே பாதி குறைந்தது. அம்மாவுக்கு 74. கையில் தோல் வெங்காயச் சருகு மாதிரி. வாளி இடித்தால் ஊதா நிறத்தில் கண்டிப்போகும். இரவிரவாகக் கால் சொறிவார். பூச்சி கடிக்கிறது என்று பாயை வெயிலில் போடுவார், போர்வையைத் தோய்ப்பார். பூச்சி ஒன்றும் இல்லை, வறட்சிதான். "குளிச்சுப்போட்டு ஈரம் காயமுதல் இதைப் பூசுங்கோ அம்மா" என்று என் கிறீமை நீட்டினேன். "எனக்கு நல்லெண்ணெய் காணும் பிள்ளை. உந்தக் கிறீமாலதானே நீ முகத்தைக் கெடுத்தனி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

டொக்டரிடம் நான் கேட்க வெட்கப்பட்டது நிறத்தைப் பற்றி. கறுத்த தோல், வெள்ளைத் தோல் என்பதும் ஒரு வகைதானே? அது வேறு கணக்கு என்றார். 1975இல் ஃபிட்ஸ்பற்றிக் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் வெயிலுக்குத் தோல் எரிகிறதா, கறுக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கத் தொடங்கினார். இன்று அது ஆறு வகை. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் நாலிலிருந்து ஆறுக்குள். எரிவது குறைவு, ஆனால் ஒரு பரு, ஒரு கீறல், ஒரு எரிச்சல் போதும், கறுப்பு அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும். என் கன்னத்தில் இருந்ததில் பாதி மங்கு, மீதி நானே எரித்த தழும்பு. "கறுத்த தோலுக்கு வெயில் பட்டால் என்ன" என்று இருந்த எனக்கு அன்றுதான் சன்ஸ்கிரீன் எழுதித் தந்தார். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்துக்குப் பூச வேண்டும், வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திரும்பவும். முதலில் வாங்கியது சுண்ணாம்பு பூசிய மதில் மாதிரி இருந்தது. மண்ணிறம் கலந்தது மங்குக்கும் நல்லது என்று இரண்டாவதாக வாங்கினேன். விலை குத்துகிறதுதான், அதனால் தொப்பியும் சேலைத் தலைப்பும் பாதி வேலையைப் பார்க்கின்றன.

நரம்புக் கோடு இரண்டு இன்னும் போகவில்லை. போகாமலும் இருக்கலாம் என்று டொக்டர் முதலே சொல்லிவிட்டார். மாரியில் கன்னம் கொஞ்சம் இளகியிருந்தது, கிறீம் ஒருநேரம் போதுமாக இருந்தது. இந்த மாதம் சோளகம் திரும்பவும் எழும்பிவிட்டது, இரண்டு நேரமும் கேட்கிறது. நேற்று இரவு பூசத் தேடினால் கிறீமைக் காணவில்லை. மகள் எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணினாள். கடைசியில் அம்மாவின் கட்டிலடியில் இருந்தது, நல்லெண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னால், பாதிக்கு மேல் முடிந்து.