திங்கட்கிழமை நோட்டு

பூகோள சார் தவறிவிட்டார் என்ற செய்தி போன பங்குனியில் நம் செட் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. இங்கே அமெரிக்காவில், மேடிசனில் அப்போதுதான் மெண்டோட்டா ஏரியின் பனிக்கட்டி கரையோரமாக விட்டுக்கொடுக்கத் தொடங்கியிருந்தது. அந்த ஏரிக்கரையில்தான் எனக்கு வேலை. நம் பள்ளி மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று பழைய மாணவர் சங்கத்தில் கேட்டபோது சாரைத் தவிர வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை நோட்டு பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்டவாளத்தில் முதல் மணி அடிப்பதற்குள் முறைக்காரன் கண்மாய்க்குப் போய், மடைக்கல்லில் தண்ணீர் எத்தனை அடி என்று காட்ட சார் வெள்ளைப் பெயிண்டில் போட்டிருந்த கோட்டைப் பார்த்து, தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கி, இரண்டு எண்ணையும் எழுதி வர வேண்டும். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் நோட்டு நிற்காது.

ஒன்பதாம் வகுப்பில், தீபாவளி முடிந்த வாரம் என் முறை வந்தது. முதல் பஸ்ஸைத் தவறவிட்டேன். கண்மாய்ப் பக்கம் போகாமலே, போன வாரத்து எண்ணில் அரை அங்குலம் கூட்டி, ஏழரை அடி, 27 டிகிரி என்று எழுதி மேசையில் வைத்துவிட்டேன். முந்தின ராத்திரி கொட்டிய மழையில் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கு பாய்ந்துகொண்டிருந்தது. கிழக்குத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் பாவாடையையும் டவுசரையும் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கடந்துதான் வந்திருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியாது.

சார் என்னை எழுப்பி நிறுத்தினார். "கலுங்கு பாயுது. நோட்டுல ஏழரை அடி இருக்கு. நீ எந்தக் கண்மாயைப் பார்த்துட்டு வந்தே?"

வகுப்பு சிரித்தது. பிரம்பு எடுத்திருந்தால் அத்தோடு போயிருக்கும். அவர் சிவப்பு மையால் என் எண்களை அடித்துவிட்டு, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். பிறகு தாழ்ந்த குரலில், "பார்க்கலைன்னா பார்க்கலைன்னு எழுதுடா. நாளைக்கு ஒருத்தன் இதை நம்பி உட்கார்ந்து கணக்குப் போடுவான்" என்றார்.

அந்த ஒருத்தனாக நானே ஆவேன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பருவநிலை மாற்றம் ஏரிகளை என்ன செய்கிறது என்பதுதான் இன்று என் ஆராய்ச்சி. மெண்டோட்டா எப்போது உறைந்தது, எப்போது உருகியது என்று 1850-களிலிருந்து குறித்துவைத்திருக்கிறார்கள். அதனால்தான் உறைந்திருக்கும் காலம் ஏறக்குறைய ஒரு மாதம் குறைந்துவிட்டது என்று எங்களால் அடித்துச் சொல்ல முடிகிறது. ஜப்பானின் சுவா ஏரியில் கோயில் பூசாரிகள் 1443 முதல் எழுதி வருகிறார்கள். முதல் 250 ஆண்டுகளில் அந்த ஏரி உறையாமல் போனது மூன்றே முறை. 2005-க்கும் 2014-க்கும் இடையில் மட்டும் ஐந்து முறை. அந்தப் பூசாரிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடைக்கல் அருகே நிற்கும் சார்தான் கண்ணுக்குள் வருவார்.

சித்திரையில் விடியற்காலை நம் கண்மாயில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே, நினைவிருக்கிறதா? தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 0 டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் 7.6 தான். போதாததற்கு இரவில் பாசியும் அதையே இழுத்துக்கொள்ளும். ஆழமான ஏரிகளில் வேறொரு தொல்லை. மேல்தண்ணீர் சூடேறி மிதந்துகொண்டே இருக்கும், அடித்தண்ணீரோடு கலக்காது. அடியில் இருப்பதற்கு மூச்சு கிடைக்காது. 2021-ல் வந்த ஓர் ஆய்வில் 393 ஏரிகளைப் பார்த்தார்கள். 1980-க்குப் பின் மேல்மட்டத்தில் ஆக்சிஜன் 5.5 விழுக்காடும், ஆழத்தில் 18.6 விழுக்காடும் குறைந்திருந்தது. அத்தனையும் மிதவெப்ப நாட்டு ஏரிகள். நம்மைப் போன்ற வெயில் நாட்டுக் கண்மாய்களுக்கு இப்படி நீண்ட கணக்கு கிடைப்பது அரிது. கட்டம் காலியாக இருந்தால் ஈடுகட்ட வழி இருக்கிறது. பொய் எண் ஒன்று உள்ளே புகுந்துவிட்டால் பக்கத்து எண்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். என் மாணவர்களிடம் இதைச் சொல்லாத வருஷம் இல்லை.

சார் ஓய்வு பெற்ற பிறகு தானே போய்ப் பார்த்து எழுதிவந்தார். ஒருமுறை எனக்குக் கடிதம் போட்டார்: "இருபது நோட்டு சேர்ந்துவிட்டது. யாராவது எடுத்து நடத்தினால் தேவலை." அடுத்த முறை ஊருக்கு வரும்போது பேசுவோம் சார் என்று பதில் எழுதினேன். இரண்டு முறை வந்தேன். ஒரு தடவை தங்கை மகள் கல்யாணம், இன்னொரு தடவை அப்பாவின் காரியம். மேலூர் வரை வந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போகாமல் திரும்பினேன். 1855-ல் மெண்டோட்டாவில் என்ன நடந்தது என்று தேடி எடுக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும். நம் கண்மாய் கடைசியாக எப்போது கலுங்கு பாய்ந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இந்த ஆடியில் போனேன். மடைக்கல்லைச் சுற்றிச் சீமைக்கருவேலம். பெயிண்ட் கோடுகளில் ஐந்தும் ஆறும் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன. சாரின் மகள் பரணிலிருந்து நோட்டுகளை இறக்கி, தூசி தட்டிக் கொடுத்தார். திண்ணையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டேன். என் பக்கமும் இருந்தது. சிவப்பு மை பழுப்பாகியிருந்தது.

கடைசி நோட்டில் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. முழங்கால் விட்டுப்போய் வீட்டோடு ஆன பிறகும் சார் திங்கட்கிழமையைத் தவறவிடவில்லை. தேதி, அதற்கு நேரே 'பார்க்கவில்லை'. அடுத்த தேதி, 'பார்க்கவில்லை'. பதினோரு பக்கம் அப்படியே போகிறது.