பெயர் எழுதாத விண்ணப்பம்

ஜூலை பிறந்துவிட்டால் மலேசியக் கத்தோலிக்கத் தமிழர் வீடுகளில் ஒரு கேள்வி எழும்: "இந்த வருடம் புக்கிட் மெர்த்தாஜாம் போகிறீர்களா?" தமிழ்நாட்டுக்காரர்களுக்கு வேளாங்கண்ணி எப்படியோ, எங்களுக்கு அந்த ஊர் அப்படி. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், ஒரு மலையடியில், மரியாவின் தாய் புனித அன்னம்மாளின் திருத்தலம் இருக்கிறது. ஜூலை 26 விழா. அதையொட்டிய நாள்களில் தீபகற்பத்தின் எல்லா மூலைகளிலிருந்தும், சிங்கப்பூரிலிருந்தும் மக்கள் வந்து குவிவார்கள். தமிழ், மாண்டரின், ஆங்கிலம், மலாய் என்று மொழிக்கொரு திருப்பலி நடக்கும். நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களும் உண்டு. அவர்களை யாரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்பதில்லை.

எனக்கு நேர்த்திக்கடன் எதுவும் இருக்கவில்லை. ஊரில் ஏற்பட்ட சலிப்புதான் என்னை ரயிலேற்றியது. எங்கள் பங்குக் கோயிலில் திருப்பலி முடிவதற்குள் நன்கொடையாளர் பட்டியல் வாசிக்கப்படும். பெயர், குடும்பம், தொகை. ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தவர் பெயர் நிதானமாக வரும். ஐம்பது வெள்ளிக்காரர் பெயர் ஓடிப்போகும். செபக்குழுவில் யார் அதிக நேரம் கண்ணை மூடியிருந்தார், யார் அழுதார் என்பதெல்லாம் வாசலில் தேநீர் குடிக்கும்போது பேச்சாகிவிடும். யார் நற்கருணை வாங்காமல் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார் என்பதுகூடக் கணக்கில் ஏறும். முகம் தெரியாதவர்களுக்கு நடுவே ஒரு திருப்பலி பார்த்தால் தேவலை என்று தோன்றியது. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் ஈ.டி.எஸ். மின்ரயிலைப் பிடித்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். புக்கிட் மெர்த்தாஜாமிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

வளாகத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது 2002-இல் கட்டிய பெரிய ஆலயம். சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களுடைய வீடுகளைப் போல முனை உயர்ந்த கூரை. 2019-இல் இந்தத் திருத்தலத்துக்குப் பசிலிக்கா என்ற, முக்கியமான ஆலயங்களுக்குத் தரப்படும் சிறப்புத் தகுதி கிடைத்தது. எல்லாம் பிரமாதம்தான். ஆனால் என் கால்கள் மேலே, சரிவில் இருக்கும் பழைய ஆலயத்துக்குத்தான் போயின. அது 1888-இல் எழுந்தது. அதற்கும் முன்பே, 1846-இல், இந்த மலைப்பகுதியில் ஒரு சிறு செபக்கூடம் இருந்தது. பாரீஸ் மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக் குருக்களும் இங்கே குடியேறிய சீனக் கத்தோலிக்கர்களும் தொடங்கி வைத்தது. அவசரகாலம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் 1948 முதல் 1960 வரையிலான காலத்தில் இந்த இடம் 'கறுப்புப் பகுதி', அதாவது கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர் நடமாடும் ஆபத்தான பகுதி, ஆயிற்று. மக்கள் வரவில்லை, ஆலயம் கைவிடப்பட்டுக் கிடந்தது. இன்று நடக்க இடமில்லாமல் நெரியும் இதே படிகளில் அப்போது புல் முளைத்திருக்கும். வேடிக்கை பார்க்க ஆளில்லாத வருடங்களையும் கண்ட ஆலயம் என்பதாலேயே எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

அன்னம்மாளும் ஏறக்குறைய அப்படிப்பட்டவர்தான். இத்தனை கூட்டம் கூடுகிறதே, விவிலியத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடினால் கிடைக்காது. மரியாவின் தாய் அன்னா, தந்தை யோவாக்கிம் என்ற பெயர்கள் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, விவிலியத் தொகுப்பில் இடம்பெறாத ஒரு நூலிலிருந்து வருகின்றன. பிள்ளையில்லாமல் அழுது மன்றாடிய பெண் என்று அந்த நூல் அவரைச் சித்திரிக்கிறது. படிக்கும்போதே பழைய ஏற்பாட்டின் இன்னொரு அன்னா, சாமுவேலின் தாய், நினைவுக்கு வந்துவிடுவார். அவரும் பிள்ளை வரம் கேட்டவர். ஆண்டவரின் இல்லத்தில் அவர் மன்றாடியபோது உதடுகள் மட்டும் அசைந்தன, குரல் கேட்கவில்லை; பார்த்துக்கொண்டிருந்த குரு ஏலி, இந்தப் பெண் குடித்திருக்கிறாள் என்றே முடிவு கட்டிவிட்டார் (1 சாமுவேல் 1). உண்மையான செபம் பக்கத்தில் நிற்பவருக்குப் பக்தியாகவே தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. குருவுக்கே தெரியவில்லையே!

பழைய ஆலயத்துக்கு வெளியே மெழுகுவர்த்தி ஏற்றும் இடம். சில அடி தூரத்திலேயே முகத்தில் அனல் அடிக்கிறது. வரிசை வரிசையாக இரும்புத் தட்டுகள்; ஒரு கைக்குட்டை அகலம்கூட இடம் மிச்சமில்லை. தடித்த கையுறை போட்ட தொண்டர் ஒருவர் பாதி எரிந்த மெழுகுவர்த்திகளைக் கரண்டி போன்ற தகட்டால் சுரண்டிச் சுரண்டி ஒரு தகர டின்னில் தள்ளிக்கொண்டே இருந்தார். சட்டை முழுக்க வியர்வை. என் மெழுகுவர்த்தி எரியத் தொடங்கி ஒரு செபம் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய தகடு அந்தப் பக்கம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற குடும்பம் அதற்கு முன்பே படம் எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டது. "அண்ணே, கொஞ்சம் பொறுங்கள், ஒரே ஒரு படம்" என்று கெஞ்சினார்கள். அவரும் பொறுத்தார். எடுத்ததும் சுரண்டினார். டின்னுக்குள் விழுந்த பிறகு யாருடைய மெழுகு எது என்று யாரால் சொல்ல முடியும்?

விண்ணப்பப் பெட்டிக்கு அருகே ஒரு மேசையில் துண்டுத்தாள்களும் பேனாக்களும் வைத்திருந்தார்கள். நான் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி முழங்கையைத் தொட்டார். சுங்கைப்பட்டாணிப் பக்கம், முன்பு தோட்டத்தில் இருந்தவராம். "தம்பி, கண்ணாடி கொண்டுவரவில்லை. எனக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள்."

நானும் வழக்கப்படி, "மகா வல்லமையுள்ள புனித அன்னம்மாளே, எளியோரின் அடைக்கலமே" என்று தொடங்கி வாசித்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"இது யார் பேசுவது? நான் இப்படியெல்லாம் பேச மாட்டேனே. அடித்துவிடுங்கள்."

அடித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: "அன்னம்மா, மகன் என்னோடு பேசுவதில்லை. தப்பு அவன் மேல் மட்டும் இல்லை. அவனைப் பேச வை. முடியாவிட்டால் எனக்காவது கோபம் போகட்டும்."

"கீழே பெயர் போடட்டுமா, பாட்டி?"

"வேண்டாம் சாமி. யாராவது மைக்கில் படித்துத் தொலைத்தால்? தெரிந்தவர்கள் இருப்பார்கள். அவன் மானம் போய்விடும்."

தாளை நான்காக மடித்து, பிறகு எட்டாக மடித்து, பெட்டிக்குள் போட்டுவிட்டு இரண்டு முறை தட்டிப் பார்த்தார், உள்ளே விழுந்துவிட்டதா என்று. அவ்வளவுதான். தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

'உங்கள் உள்ளறைக்குச் சென்று கதவை அடைத்துக்கொண்டு' வேண்டச் சொல்கிறார் இயேசு (மத்தேயு 6). அதையடுத்து, மிகுதியான சொற்களை அடுக்கிப் பிதற்ற வேண்டாம் என்றும் சொல்கிறார். இந்தப் பகுதிக்கு எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன். பெரும்பாலானவை நல்ல தமிழில் இருந்தன. நல்ல தமிழே அங்கே இடைஞ்சலோ என்று அந்த மேசையருகில்தான் சந்தேகம் வந்தது. பாட்டி தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் அலங்காரம் எதுவும் செய்யவில்லை. தப்பு தன் மேலும் இருக்கிறது என்றார், கணக்குச் சொல்வது போல. பெயரை மறைத்ததும் தன் அடக்கத்தைக் காட்டுவதற்கில்லை, மகனைக் காப்பாற்றுவதற்கு.

பெயர் வாசிக்கும் எங்கள் பங்குப் பட்டியலுக்கும் ஆதரவாக வாதம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. நாலு பேர் பெயரைக் கேட்டால்தான் ஐந்தாவது ஆள் சட்டைப்பையில் கைவிடுவார் என்பார் எங்கள் குழுவில் ஒருவர். கட்டட நிதி சேர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்று சொன்ன இயேசு, அப்படிக் கொடுத்தால் கூரை சீக்கிரம் எழும் என்று எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. விளம்பரத்தோடு கொடுப்பவர்கள் 'தங்களுக்குரிய கைம்மாறு பெற்றுவிட்டார்கள்' என்று மட்டும் சொன்னார். பற்றுச்சீட்டு கையில் வந்தாயிற்று, பிறகு மேலே என்ன பாக்கி?

மாலையில் மெழுகுவர்த்திப் பவனி. அருள்நிறைந்த மரியே செபம், செபமாலையின் ஒரு மணிக்குத் தமிழில், அடுத்த மணிக்கு மாண்டரினில், அதற்கடுத்ததற்கு மலாயில் என்று போனது. காகிதக் குவளையைத் தாண்டி மெழுகு விரலில் சொட்டியது. எனக்கு முன்னால் நடந்த இளைஞர் ஒருவர் கைப்பேசியைத் தலைக்கு மேல் உயர்த்தியபடியே முழுப் பவனியையும் முடித்தார். செபமாலை அவர் கழுத்தில் கிடந்தது, கையில் இல்லை. பிறர் பார்க்கத் தெருமுனையில் நின்று வேண்டாதீர்கள் என்று இயேசு சொன்னாரே, இதோ வந்துவிட்டார் அந்தத் தெருமுனைச் செபக்காரர் என்று மனம் உடனே தீர்ப்பு எழுதியது. அந்தத் தீர்ப்பிலும் ஒரு கோளாறு. லூக்கா 18-இல் இயேசு சொல்லும் கதையில் கோயிலுக்கு வேண்ட வரும் பரிசேயர் தன் நோன்பையும் காணிக்கையையும் மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் ஒரு வேளை தப்பித்திருப்பார். பின்னால் தொலைவில் நின்ற வரிதண்டுபவரையும் இழுத்து, 'இவனைப் போல் நான் இல்லை' என்றார். அடுத்தவரின் பக்தி போலி என்று கண்டுபிடிப்பதில் கிடைக்கும் சுகமும் பக்திக் கணக்கில்தான் எழுதப்படுகிறது. இளைஞர் எதற்காகப் படம் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனாலும் இந்த நாட்டில் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு. மலேசியத் தமிழரில் பெரும்பாலோர் இந்துக்கள் என்பதால் நாங்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று காலைத் திருப்பலி முடிந்து நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனால், "இன்றைக்கு என்ன விசேஷம், கோயிலுக்குப் போய்விட்டு வருகிறீர்களா?" என்று தமிழ் நண்பர்கள் கேட்பார்கள். திருநீறு என்று நினைத்து! ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஒரு வகையில் பொய்யும் இல்லை. நோன்பை முகத்தில் காட்டாதீர்கள் என்ற நற்செய்தி வாசிக்கப்படுவதும் அதே நாளில்தான், அதே மத்தேயு 6. அதைக் கேட்டுவிட்டுத்தான் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வெளியே வருகிறோம்.

இங்கே பகட்டைவிட மறைப்புதான் பலருக்குப் பழக்கமான சோதனை. உணவுக் கடையில் சாப்பிடும் முன் சிலுவை அடையாளம் போடக் கை எழும், சுற்றிலும் பார்த்துவிட்டு மூக்கைச் சொறிந்துகொள்ளும். திருமண வீட்டில் உறவினர் கிண்டலுக்கு அசட்டுச் சிரிப்புச் சிரித்து வைப்போம். பாராட்டுக்காகக் காட்டுபவரும் முகச்சுளிப்புக்கு அஞ்சி மறைப்பவரும் பயப்படுவது ஒரே கூட்டத்தின் கண்ணுக்குத்தான். குளிர்காய்ந்துகொண்டு நெருப்பருகே உட்கார்ந்திருந்த பேதுருவுக்கு, இயேசுவைத் தெரியாது என்று மறுக்க ஒரு பணிப்பெண்ணின் கேள்வி போதுமாயிருந்தது. அறைக்கதவை அடைக்கச் சொன்னவர்தான், 'உங்கள் ஒளி மனிதர்முன் ஒளிர்க' என்று அதற்கு முந்தைய அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று விளக்கவுரைகள் நிறைய இருக்கின்றன. எனக்கு விளங்கிய அளவில், காட்டுவதா மறைப்பதா என்று நாமாக விதி வகுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் திரும்பும் ரயிலில் என் காலடியில் இரண்டு போத்தல் தண்ணீர் இருந்தது. மலையிலிருந்து வரும் ஊற்று நீர். இங்கே வருபவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. தைப்பிங்கில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் கையில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். போத்தலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கே பிடித்த தண்ணீர்?"

"புக்கிட் மெர்த்தாஜாம், அன்னம்மாள் கோயில். நான் கத்தோலிக்கன், ஐயா. விழாவுக்குப் போய்விட்டு வருகிறேன்."

"தெரியும் தெரியும். என் அம்மா எங்களை வருடா வருடம் கூட்டிப்போவார். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். அம்மாவுக்கு அந்த அம்மா மேல் ஒரு இது." கொஞ்சம் யோசித்தார். "சர்க்கரை வியாதிக்குக் கேட்குமா?"

"ஒரு போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்."

"அதைத்தான் என் மகளும் சொல்வாள்" என்று சிரித்துக்கொண்டே போத்தலை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஈப்போ வரும்வரை தன் மகளின் கண்டிப்பைப் பற்றியே பேசினார்.