தண்ணி நண்டும் இருபத்தைந்து நாளும்

கிள்ளை, பிச்சாவரம் பக்கம் உப்பங்கழியில் கையாலேயே நண்டு பிடிக்கிற இருளர்களுக்கு ஏதாவது செய்யணும் என்று வருகிறவர்கள் முதலில் பயிற்சி முகாம்தான் போடுகிறார்கள். சேற்று வளையைப் பார்த்தே உள்ளே நண்டு இருக்கிறதா என்று சொல்கிறவர்களுக்கு என்னத்தைக் கற்றுக்கொடுக்க? பணம் நழுவுவது தண்ணி நண்டில்.

ஓடு கழற்றிய களி நண்டு, அதாவது சேற்று நண்டு, புது ஓட்டை விரிக்கத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பார்க்கப் பெரிசு, உடைத்தால் சதை இருக்காது. இதுதான் தண்ணி நண்டு. வியாபாரி அடிமாட்டு விலைதான் போடுவார். 20 முதல் 30 நாள் தீனி கொடுத்து வைத்திருந்தால் அதே நண்டு சதை பிடித்துவிடும்.

துளை போட்ட, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியை ஓடையில் மிதக்கவிட வேண்டும். பெட்டிக்கு ஒரு நண்டுதான். இரண்டு போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். தலா அரை கிலோவில் 10 நண்டு என்றால் 5 கிலோ. அதில் 6 சதவீதம், நாளைக்கு 300 கிராம் மலிவு மீன். நண்டு ராத்திரியில் தின்பது, அதனால் நறுக்கிச் சாயங்காலம் போட வேண்டும். காலையில் மிச்சத்தை எடுக்காவிட்டால் அழுகித் தண்ணீர் கெடும், நண்டு செத்துப்போகும். அடிப்புற ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் இன்னும் ஆகவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். வெள்ளாறும் கொள்ளிடமும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டி, உப்பு திடீரென்று இறங்கிவிடும். காட்டு ஓடை என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

இதெல்லாம் சுலபம். கஷ்டம் அந்த 25 நாள். வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கிய குடும்பம் நண்டை நிறுத்திவைக்க முடியாது, இன்றைய அரிசி இன்றைய நண்டில்தான். அதனால் பெட்டியோடு அட்வான்ஸை அடைக்கவும் ஒரு மாசச் சாப்பாட்டுக்கும் பணம் கொடுங்கள். சதை நண்டை அன்றன்றே விற்றுவிட்டு, தண்ணி நண்டை மட்டும் இரண்டு நாளைக்கு ஒருதரம் பெட்டியில் சேர்த்துக்கொண்டே வந்தால், நாலாவது வாரத்திலிருந்து வரத்து தொடர்ந்து இருக்கும்.

கடன், மானியம் என்று போனால் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றைத் தாசில்தார் தரமாட்டார், கோட்டாட்சியர்தான் தர வேண்டும். புதுச்சேரியில் இருளர் பழங்குடிப் பட்டியலில் ஏறியதே 2016 டிசம்பரில்தான். பெட்டி வாங்கும் முன்பே சான்றிதழுக்கான மனுவைப் போட்டுவிடுங்கள். கூடவே ஒரு சொந்தத் தராசும் வாங்குங்கள். வியாபாரி வருவதற்கு முன்னாலேயே எடை தெரிந்திருக்கட்டும்.